காகித மகன்களும் காகித அநாதைகளும்

உன் வீட்டு வாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது? வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க எத்தனை படிகள்? உங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் குடியிருப்பவர் யார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்? அரிசி கொட்டிவைக்கும் குதிர் எந்த அறையில் இருக்கிறது? படுக்கையறையின் தரை மண்ணா, செங்கல்லா? ஊர்க் கிணறு எந்தப் பக்கம்?

இக்கேள்விகளை யாரேனும் நம் முன் வைத்தால் பாதிக்கு மேல் தடுமாறிப் போவோம். பிறந்து வளர்ந்த வீட்டின் திண்ணைக்கு எத்தனை படிகள் என்று எண்ணி மனத்தில் வைத்திருப்பவர் நம்மில் அரிது. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் நடுவே உள்ள ஏஞ்சல் தீவில், 1910 முதல் 1940 வரையான முப்பது ஆண்டுகளில், இத்தகைய கேள்விகள் சீனாவிலிருந்து வந்த சிறுவர் சிறுமியரிடம் கேட்கப்பட்டன. பத்து வயது நிரம்பாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். விடை பிசகினால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கேள்விகளைப் பற்றியும், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் தெற்கு எல்லையில் கேட்கப்படாமலே விடப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியும் இங்கே எழுத முற்படுகிறோம்.

*

முதலில், இப்படிக் கேட்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். 1882-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சீன விலக்குச் சட்டத்தை இயற்றியது. அதன்படி சீனத் தொழிலாளர்கள் அந்நாட்டுக்குள் வரக்கூடாது. அங்கிருக்கும் சீனர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. ஓர் இனத்தாரைப் பெயர் சொல்லித் தடுத்த முதல் பெரிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இதுவே. வணிகர், மாணவர், ஆசிரியர், அரசுத் தூதர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. இன்னொரு வழியும் இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் எவராயினும் அந்நாட்டுக் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. குடிமகனின் பிள்ளை எங்கே பிறந்திருந்தாலும் உள்ளே வரலாம்.

1906 ஏப்ரல் 18 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவைப் பூகம்பம் உலுக்கியது. தொடர்ந்து எழுந்த தீயில் நகர மன்றக் கட்டடமும் அதிலிருந்த பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாயின. யார் அந்நகரில் பிறந்தவர், யார் பிறவாதவர் என்பதற்கு அத்தாட்சியே இல்லாமல் போயிற்று. 'நானும் இங்கே பிறந்தவனே' என்று பல சீனர்கள் கூறினர். மறுக்க அரசிடம் ஏடு இல்லை. அப்படிக் குடிமகனானவர் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும்போது, தமக்கு அங்கே ஒரு மகன் பிறந்திருப்பதாகப் பதிவு செய்வார். மகன் மெய்யாகவே பிறந்திருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். பிறக்காத மகனின் இடம் பின்னொரு நாள் உறவினர் பிள்ளைக்கோ, விலை கொடுக்கும் அயலாருக்கோ போய்ச் சேரும். இவ்வாறு வந்தவர்களைத்தான் வரலாறு 'காகித மகன்கள்' என்று அழைக்கிறது. தாளில் மட்டும் மகன். தாளில் மட்டும் தந்தை.

இதை அரசும் அறியும். அறிந்ததனால்தான் ஏஞ்சல் தீவின் கேள்விகள் பிறந்தன. ஏடு எரிந்துபோன இடத்தில் குழந்தையின் நினைவே ஏடாக வைக்கப்பட்டது.

*

கப்பல் சான் ஃபிரான்சிஸ்கோவை அடைந்ததும் முதல் வகுப்புப் பயணிகள் பலர் கப்பலிலேயே பரிசோதிக்கப்பட்டு இறங்கிப் போவார்கள். சீனரில் பெரும்பாலோர் சிறு படகில் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுவர். கரையேறியவுடன் ஆண்களும் பெண்களும் பிரிக்கப்படுவார்கள். கணவனும் மனைவியும் விசாரணை முடியும்வரை ஒருவரையொருவர் பார்க்க இயலாது, விடைகளை ஒப்பிட்டுக்கொள்வார்களாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தாயோடு இருக்கலாம். தாய் உடன் வராத பையன்கள் ஆண்களின் கொட்டடிக்குப் போவார்கள். அங்கே இரும்புக் கம்பங்களில் மாட்டிய படுக்கைகள் மூன்றடுக்காக இருந்தன. சன்னல்களுக்குக் கம்பிவலை போட்டிருந்தது. மருத்துவ சோதனையில் வயிற்றுப் புழு கண்டால் அதுவே திருப்பி அனுப்பப் போதுமான காரணமாகலாம்.

பிறகு காத்திருப்பு. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்குப் பல மாதங்கள், மேல்முறையீடு வாஷிங்டனுக்குப் போனால் ஓராண்டுக்கு மேலும் நீளும். மெதடிஸ்ட் சபையின் கேத்தரின் மாரர் என்னும் பெண்மணி 1912 முதல் அங்கே தொண்டு புரிந்துவந்தார். பெண்களுக்குத் தையல் பொருள்களும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் கொண்டுவந்து கொடுப்பார். தீவில் அடைபட்ட குழந்தைகளுக்குக் கிடைத்த கனிவு அவ்வளவுதான். 1924-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்ட வேளையில் வந்திறங்கிய ஒரு தாயின் ஏழு மாதக் கைக்குழந்தை தீவிலேயே இறந்துபோயிற்று. உடல் நகருக்கு அனுப்பி அடக்கம் செய்யப்பட்டது. தாய் தடுப்பிலேயே இருக்க வேண்டியிருந்தது. அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதன் பிறகே அவருக்கு அனுமதி கிடைத்தது.

*

1920 டிசம்பர் இறுதியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையோடு இத்தீவுக்கு வந்தான். குவாங்டுங் மாநிலத்தின் தைஷான் பகுதியைச் சேர்ந்தவன். இயற்பெயர் வோங் கென் யோ. ஆனால் தாளில் அவன் பெயர் லுக் தாய் யோ. தந்தையின் பெயர் லுக் கெட். கவனிக்க வேண்டிய விந்தை இது: இருவரும் மெய்யான தந்தையும் மகனுமே. மெய்யான தந்தையும் மகனும் இன்னொரு தந்தையாகவும் மகனாகவும் நடிக்க வேண்டியிருந்தது. தாயும் தமக்கையும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அச்சிறுவன் அவர்களை மீண்டும் பார்க்கவேயில்லை.

லுக் கெட் என்ற பெயரில் தந்தை முன்பே அமெரிக்காவில் வாழ்ந்திருந்தபடியால் அவர் விரைவில் வெளியே விடப்பட்டார். மகன் மட்டும் ஏறத்தாழ ஒரு மாதம், பெரியவர்கள் நிறைந்த அந்தக் கொட்டடியில் தனியே இருந்தான். அந்நாள்களில் பெரும்பாலும் அங்கிருந்த குழந்தை அவன் ஒருவனே என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தான் ஏன் அங்கே அடைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல யாருமில்லை.

1921 ஜனவரி 27 அன்று அவனை விசாரித்தார்கள். எதிரே அதிகாரிகள் மூவர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு சுருக்கெழுத்தர். தந்தை முன்பே விசாரிக்கப்பட்டுவிட்டார். அவர் சொன்ன விடைகள் தட்டச்சாகி மேசைமேல் இருக்கின்றன. வீடு, வீட்டைச் சுற்றிய வீடுகள், திசைகள், உறவுகள் என்று கேள்விகள் வருகின்றன. சிறுவன் நன்றாகப் பாடம் படித்திருந்தான். ஒரு பிசகும் இல்லாமல் சொல்லித் தேறினான்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அக்காலத்துக் காகித மகன்களுக்கெல்லாம் இதற்கென்றே பயிற்சி ஏடுகள் இருந்தன. ஊர் வரைபடம், வம்சாவளி, அண்டை வீட்டார் பெயர்கள், படிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய ஏடுகள். கப்பல் பயணம் முழுக்க மனப்பாடம் செய்து, கரை தெரியத் தொடங்கியதும் அவற்றைக் கடலில் எறிந்துவிடுவார்கள். நெட்டுருப் போட்டவனுக்கு விடை தெரியும். ஏடு படிக்காத மெய்யான மகனோ, தன் வீட்டின் படிகளை ஒருநாளும் எண்ணியதில்லை. அவன் தந்தை ஊரைவிட்டு வந்து பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இடையில் குதிர் அறை மாறியிருக்கும், பக்கத்து வீட்டில் குடி மாறியிருக்கும். ஆகையால் மெய்யான உறவினரும் பயிற்சி ஏடுகளை நாடினார்கள். உண்மையைச் சொல்லவே ஒத்திகை வேண்டியிருந்தது. பொய்யைக் கண்டுபிடிக்க அமைத்த முறை உண்மையையும் பொய்யின் வடிவத்துக்கு மாற்றிவிட்டது.

அதன் சுமை குழந்தையின் நாவில் ஏற்றப்பட்டது என்பதே நாம் சொல்ல வருவது. மூன்றாம் வீட்டுக்காரரின் பெயரைப் பத்து வயதுப் பிள்ளை மறந்துவிட்டால் அவன் மட்டுமா திரும்பிப் போவான்? தந்தையின் நிலைக்கும் ஆபத்து. பின்னால் வரக் காத்திருக்கும் தம்பிக்கும் வழி அடைபடும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும் கடனும் அந்த ஒரு விடையைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

தேறிய பிறகும் அது முடியவில்லை. தந்தையோடு சாக்ரமென்டோவில் சேர்ந்த சிறுவனுக்குப் பள்ளி ஆசிரியை 'தாய் யோ' என்பதை அமெரிக்க வழக்கத்துக்கு மாற்றி 'டைரஸ்' என்று பெயரிட்டார். மை வாங்கக் காசில்லாத தந்தை, தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நாளிதழ்த் தாளில் எழுதவைத்துச் சீன எழுத்துக் கலையைப் பயிற்றினார். அந்தச் சிறுவனே பிற்காலத்தில் ஓவியர் டைரஸ் வோங். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 1942-ஆம் ஆண்டுப் படமான 'பேம்பி'யில் வரும் பனிமூட்டக் காட்டின் தோற்றத்துக்கு அவருடைய ஓவியங்களே ஆதாரம். காட்டில் தாயை இழக்கும் மான்குட்டியின் கதை அது. 2016 டிசம்பர் 30 அன்று, தீவுக்கு வந்து சரியாக 96 ஆண்டுகள் கழித்து, தம் 106-ஆம் வயதில் காலமானார்.

அவரைப் போல் பெயர் துலங்கியவர்கள் சிலரே. மற்றவர்கள் தாளில் வந்த பெயரோடு வாழ்ந்து, மகனிடமும் மகளிடமும் உண்மைப் பெயரைச் சொல்லாமலே மறைந்தார்கள். சீன விலக்குச் சட்டம் 1943-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பின்னும் ஆண்டுக்கு 105 பேர் என்ற அளவே ஒதுக்கப்பட்டது. 1956-இல் அரசு, உண்மையை ஒப்புக்கொள்வோருக்கு நிலையைச் சீராக்கித் தருவதாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய தாள் வழி வந்த உறவினர் அனைவரின் கதையும் வெளியாகும். எனவே பல குடும்பங்களில் அண்ணன் பேசவும் தம்பி வாய்மூடவும் விரும்பி, உறவே முறிந்தது.

*

1940 ஆகஸ்டில் தீவின் நிர்வாகக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அவ்வாண்டு இறுதியில் நிலையம் நகருக்கு மாற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, இடிக்கப்படவிருந்த ஆண்கள் கொட்டடியின் சுவர்களில் சீனக் கவிதைகள் செதுக்கப்பட்டிருப்பதை அலெக்ஸாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் 1970-இல் கவனித்துச் சொன்னார். கட்டடம் தப்பியது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யங் ஆகிய மூவரும் அவற்றைத் தொகுத்து 1980-இல் நூலாக வெளியிட்டனர். பெண்கள் தங்கியிருந்தது எரிந்துபோன கட்டடத்தில். அவர்கள் சுவரில் எழுதியவை அதோடு போயின.

குழந்தைகளின் சொற்கள் நமக்குக் கிடைக்கும் இடம் வேறு. அவை விசாரணைக் கோப்புகளில் இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த சான் புருனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான அக்கோப்புகள் காக்கப்படுகின்றன. பேரனும் பேத்தியும் அங்கே சென்று, சிறுவயதுத் தாத்தாவின் புகைப்படத்தையும் அவர் சொன்ன விடைகளையும் காண்கிறார்கள். அதில் எது மெய், எது பாடம் என்று பிரிப்பது கடினம். ஆயினும் ஊர் இருக்கிறது, கிணறு இருக்கிறது, பாட்டியின் பெயர் இருக்கிறது. சந்தேகத்தினால் எழுதப்பட்ட தாள்களே இன்று குடும்ப வரலாறாக எஞ்சியுள்ளன.

*

குழந்தையின் உறவை அரசு கையாண்ட இன்னொரு முறையை 1980-களில் காண்கிறோம். எல் சால்வடோரின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிவந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, முள்கம்பி வேலியிட்ட ஒரு பழைய கலிஃபோர்னிய விடுதியில் முன்பின் அறியாத பெரியவர்களோடு அடைத்துவைக்கப்பட்டாள். அவளைப் பொறுப்பேற்க உறவினர் ஆயத்தமாக இருந்தும் குடிவரவுத் துறை மறுத்தது. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ நேரில் வந்தால்தான் விடுவிப்போம் என்றது. தாயோ உரிய தாள்கள் இல்லாதவர். வந்தால் அவரும் பிடிபடுவார். மகள் தாய்க்கு வைத்த கண்ணியின் இரையானாள்.

1985-இல் தொடங்கிய அவ்வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. எனினும் 1997-இல் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஃப்ளோரெஸ் உடன்பாடு என்று அது பெயர் பெற்றது. பிள்ளைகளைத் தேவையின்றித் தாமதிக்காமல் விடுவிக்க வேண்டும். பெற்றோர் இல்லையேல் உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார், தாத்தா, பாட்டி எவரிடமேனும் ஒப்படைக்கலாம். அதுவரை வைத்திருக்கும் இடம் பாதுகாப்பும் தூய்மையும் உடையதாக இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். குழந்தைக்கு உறவு என்பது தாயும் தந்தையும் மட்டுமன்று என்பதை அமெரிக்க அரசு அந்த உடன்பாட்டில் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

*

2018 வசந்த காலத்தில் நிகழ்ந்ததை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டில் எல் பாஸோ வட்டாரத்தில் சோதித்துப் பார்த்த ஒரு நடைமுறை, அவ்வாண்டு ஏப்ரலில் தெற்கு எல்லை முழுவதற்குமான கொள்கையாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி எல்லை கடந்த ஒவ்வொரு பெரியவர்மீதும் குற்ற வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. குற்ற வழக்கில் சிறை செல்பவரோடு குழந்தையை வைக்க முடியாது. எனவே பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, அந்தக் கணமே கோப்பில் 'துணையின்றி வந்த குழந்தை' ஆயிற்று. அந்த ஒரு தொடரால் அது வேறொரு துறையின் பொறுப்புக்கு மாறி, நாட்டின் வேறொரு மூலைக்கு அனுப்பப்பட்டது.

1921-இல் தாள் ஒருவனை மகனாக்கியது. 2018-இல் தாள் ஒருவனை அநாதையாக்கியது. இவர்களைக் காகித அநாதைகள் என்று அழைப்பதே பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஜூன் 18 அன்று ப்ரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம், ஒரு தடுப்பு நிலையத்துக்குள் பதிவான குழந்தைகளின் அழுகை ஒலியை வெளியிட்டது. அதில் எல் சால்வடோரைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கிறாள். தாயின் உடன்பிறந்தவரையும் தந்தையின் உடன்பிறந்தவரையும் ஸ்பானிய மொழி ஒரே சொல்லால் குறிக்கும். நாம் சித்தி என்று வைத்துக்கொள்வோம். சித்தியின் எண் அது. அழைத்தால் அவர் வந்து தன்னைக் கூட்டிப்போவார் என்று மன்றாடுகிறாள். எண் சரியானதே, அழைப்பும் போயிற்று. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவள் தாயிடம் சேர்ந்தாள். தைஷான் சிறுவன் படிகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்ததுபோல, இவளுக்கு யாரோ அந்த எண்ணை மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். அவனிடம் அரசு வற்புறுத்திக் கேட்டு எழுதிக்கொண்டது. இவளோ கேளாமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20 அன்று பிரிப்பை நிறுத்தும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஜூன் 26 அன்று சான் டியேகோ நீதிபதி டேனா சாப்ரா, ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பதினான்கு நாள்களுக்குள்ளும் மற்றவர்களை முப்பது நாள்களுக்குள்ளும் பெற்றோரிடம் சேர்க்க ஆணையிட்டார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது: எந்தக் குழந்தை எந்தப் பெற்றோருடையது என்பதைத் தொடர்ந்து பதிந்துவரும் ஏற்பாடே இல்லை. பெற்றோர் ஒரு துறையின் பட்டியலில் இருந்தனர், பிள்ளைகள் இன்னொரு துறையின் பட்டியலில் இருந்தனர். இரண்டையும் இணைக்கும் கோடு இல்லை. காவலில் வைக்கப்படுவோரின் உடைமைகளுக்குக் கணக்கு வைக்கும் அரசு, குழந்தைகளுக்கு அவ்வாறு வைக்கவில்லை என்பதை நீதிபதி தம் ஆணையில் சுட்டிக்காட்டினார். 400-க்கும் மேற்பட்ட பெற்றோர், பிள்ளைகள் இல்லாமலே நாடு கடத்தப்பட்டிருந்தனர். மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பெற்றோர் யாரென உறுதி செய்ய ஜூலையில் மரபணுச் சோதனை நடத்தப்பட்டது. கைக்குழந்தையைத் தூக்கிவந்த தாயே அது தன் குழந்தை என்று மெய்ப்பிக்க நேர்ந்தது.

மனித உரிமைக் கண்காணிப்பகமும் வேறு இரு அமைப்புகளும் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அக்கொள்கைக் காலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். அவர்களில் 1,360 பேர் வரை பெற்றோரிடம் சேர்ந்ததாக உறுதிப்படுத்தப்படவில்லை. 2023 டிசம்பரில் நீதிபதி சாப்ரா ஏற்றுக்கொண்ட சமரச உடன்பாடு, இத்தகைய பிரிப்புக் கொள்கையை எட்டு ஆண்டுகளுக்குத் தடை செய்கிறது. குடும்பங்களைச் சேர்த்தே அடைத்துவைப்பது வேறு கதை: டெக்சாஸின் டில்லியில் 2014-இல் திறந்து 2024-இல் மூடிய குடும்பத் தடுப்பு நிலையம் 2025-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

*

ஏஞ்சல் தீவின் விசாரணையை மென்மையானதாகக் காட்டுவது நம் நோக்கமன்று. இன வெறுப்பில் பிறந்த சட்டத்துக்குத் துணைநின்ற கொடுமை அது. பிள்ளைகளைத் தனியே நிறுத்தி, பெற்றோருக்கு எதிரான சாட்சிகளாக்கப் பார்த்தது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. உறவைச் சந்தேகிக்கும் அரசு, அச்சந்தேகத்தின் பொருட்டேனும் உறவைப் பற்றி எழுதியாக வேண்டும். 2018-இல் உறவு கண்ணெதிரே நின்றது, சந்தேகமே இல்லை. அதனால் எழுதிவைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பிரிப்பதற்கு ஒரு தொடர் போதுமானதாக இருந்தது; சேர்ப்பதற்குத் தன்னார்வலர்களும் வழக்கறிஞர்களும் குவாட்டமாலாவிலும் ஹோண்டுராஸிலும் ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

அந்த 1,360 பேரில் சிலர் கைக்குழந்தைப் பருவத்தில் பிரிந்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்குத் தொலைபேசி எண் எதுவும் மனப்பாடமாகத் தெரிந்திருக்காது. வளர்ந்தபின் அவர்கள் தம் ஊரையும் தாயையும் தேடத் தொடங்கினால், சான் புருனோவில் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்கிப் படிக்கும் கோப்பு போன்ற ஒன்றை எந்தக் காப்பகத்தில் கேட்பார்கள்? கேட்டால், வீட்டின் படிகள் எத்தனை என்று அதில் எழுதியிருக்காது. 'துணையின்றி வந்த குழந்தை' என்று எழுதியிருக்கும்.